அச்சுக்குக் கீழும் பரப்பு உண்டு என்ற எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டாகிறது. இந்நினைவு மலரைக் கையில் ஏந்தும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், அவரைப் பற்றித் தம்பியாகிய நான் பெருமையோடு எழுதுகிறேன்.

அக்கா அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அம்மா கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். உயர்தர வகுப்பில் கணிதம் படிக்க அருகில் பாடசாலை இல்லை. இரண்டு பஸ் மாறி ஹட்டனுக்குப் போய்ப் படித்தார் அக்கா. பல்கலைக்கழகம் முடித்துக் கொழும்பில் வேலை கிடைத்தும், எங்கள் பகுதிக்கே கணித ஆசிரியராகத் திரும்பி வந்தார்.

ஒருமுறை பல பாடசாலைகளுக்குப் பொதுவாக மாதிரிப் பரீட்சை நடந்தது. மடக்கை வளையி என்னும் வளைகோட்டுக்கும் x அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பைத் தொகையிட்டுக் காணும்படி ஒரு கேள்வி. வளையியின் ஒரு பகுதி அச்சுக்கு மேலே, மறுபகுதி கீழே. திருத்துவோருக்குக் கொடுத்த விடையில் கீழ்ப்பகுதியைக் கழித்திருந்தார்கள். அதன்படி திருத்தினால், சரியாகச் செய்த பிள்ளைகள்தான் புள்ளி இழப்பார்கள்.

திருத்தப் போயிருந்த அக்கா பேனாவை மூடி வைத்தார்.

"இந்த விடை பிழைங்க சேர்."

"தந்தபடி திருத்துங்க டீச்சர், நேரமில்ல," என்றார் தலைமைத் திருத்துநர்.

"அச்சுக்குக் கீழ இருக்கிறதும் பரப்புதாங்க. அதைக் கூட்டணும், கழிக்கக்கூடாது."

அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அக்கா நேரே கரும்பலகைக்குப் போய் வளையியை வரைந்தார்.

"மேல்பகுதி மட்டுமே ஒன்னு வருது. உங்க மொத்த விடை முக்கால்கூட இல்ல. முழுசு, அதுல ஒரு துண்டைவிடச் சின்னதா இருக்குமாங்க?"

தலைமைத் திருத்துநர் எழுந்து வந்து, தாமே தொகையிட்டுப் பார்த்தார். பிறகு, "எல்லா விடைத்தாள் கட்டையும் திரும்ப எடுங்க," என்றார்.

அக்கா இதை வீட்டில் சொன்னதே இல்லை. அன்று உடன் திருத்திய ஆசிரியை ஒருவர், இறுதிக் கிரியைக்கு வந்தபோது சொல்லித்தான் தெரியும்.

புற்றுநோய் வந்த பிறகும், நிற்க முடிந்தவரை வகுப்புக்குப் போனார். முடியாமற்போன நாட்களில் இரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், வாகனம் வராத பாதையில் அவரைத் தோளில் சுமந்து சென்ற தோட்டத்து மக்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இம்மலரை அச்சிட்டவர், பெயருக்குப் பின்னால் பட்டங்களைப் போடலாமா என்று கேட்டார். அம்மாதான் பதில் சொன்னார்.

"டீச்சர்னு மட்டும் போடுங்க தம்பி. அதுக்குத்தான் அவ திரும்பி வந்தா."

அப்படியே போட்டிருக்கிறோம்.