ரெனெட்டாவைத் தடுத்தவள்

ஆர்லிஸ் ஹாகன் பள்ளிக்கூடத்தில் நான்கு வருஷம் கூடைப்பந்து ஆடினாள். அந்த நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கூடையைப் பார்த்துப் பந்தை எறிந்ததில்லை. அயோவாவில் அப்போது பெண்பிள்ளைகளின் ஆட்டமே அப்படி. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் கூடை போடுகிறவர்கள், மூன்று பேர் தடுக்கிறவர்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. ஆர்லிஸ் தடுக்கிறவள். எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறித்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளிடம் கொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றுகொள்வாள். அங்கே கூடை விழுந்தால் ஊரே எழுந்து கத்தும். போட்டவளின் படம் பேப்பரில் வரும். தடுத்தவளை யார் படம் எடுப்பார்கள்?

அவளுக்கும் அது குறையாகத் தோன்றவில்லை. வீட்டிலும் அவள் சத்தமில்லாத பிள்ளைதான். அம்மா போனபிறகு அப்பா மெர்லினும் அவளும் அண்ணனும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் உப்பைக் கேட்பதுதான் பேச்சு. பன்றிகளுக்குத் தீனி போடுகிற நேரத்தில்கூட அப்பா அதைவிட அதிகம் பேசுவார், பன்றிகளிடம்.

ஆறடிக்கு ஓரங்குலம் குறைவான உயரம், நீளமான கை, எதிராளியின் தோளைப் பார்த்தே அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று தெரிந்துகொள்ளும் கண். அந்தக் கண்ணுக்காகத்தான் வாட்டர்லூ நகரத்து அணி அவளை எடுத்தது. பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் தொடங்கி இரண்டாவது வருஷம். முழு ஆடுகளத்திலும் ஓடுகிற ஐந்து பேர் ஆட்டம். முதல் மாதம் நடுக்கோடு வந்தால் ஆர்லிஸின் கால் தானாக நின்றுவிடும். உடன் ஆடுகிறவர்கள் சிரிப்பார்கள். "கோட்டுல கரன்ட் ஓடுதாடி?" என்பாள் கோனி ரூலண்ட். அணியின் நட்சத்திரம் அவள்தான். அவள் போட்டதில்தான் அணியின் பெயர் ஓடியது.

அந்த வருஷம் லீக்கின் ஆல்-ஸ்டார் மேட்ச் பிப்ரவரியில் மில்வாக்கியில் என்று வைத்தார்கள். கிழக்கு அணிகளின் சிறந்தவர்கள் ஒரு பக்கம், மேற்கு அணிகளின் சிறந்தவர்கள் ஒரு பக்கம். கோனிக்கு அழைப்பு வந்தது. ஆட்டத்துக்கு முதல் நாள் கணுக்கால் பிசகிப் படுத்துவிட்டாள். அன்று காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாற்று ஆட்டக்காரி இருந்தது டல்லஸில். விமானம் எதுவும் கிளம்பவில்லை.

மேற்கு அணியின் பயிற்சியாளர் கெஸ்லர் ஆர்லிஸைத் தொலைபேசியில் பிடித்தார்.

"ஹாகன், உனக்குப் பனியில வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்ப நீ ஆல்-ஸ்டார். கெளம்பி வா."

அப்பாவின் பிக்கப் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பின்னால் பாரத்துக்கு மணல் மூட்டை போட்டு, மிஸிஸிப்பி பாலத்தைத் தாண்டி ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தாள். அப்பா எதுவும் கேட்கவில்லை. வண்டிச் சாவியைக் கொடுக்கும்போது, "இடது பக்க வைப்பர் இழுக்கும்," என்று மட்டும் சொன்னார்.

பெரிய அரங்கம். ஆனால் பனிக்குப் பயந்து பாதிக்கும் பாதிப்பேர்கூட வரவில்லை. வந்தவர்கள் கோட்டைக் கழற்றாமல் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒட்டக நிறக் கோட்டு போட்ட ஒருவர். அவர் நியூயார்க்கிலிருந்து வந்த டிவிக்காரர் என்றும், பெண்கள் லீக்கை ஒளிபரப்பலாமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்றும் உடை மாற்றும் அறையில் பேச்சு. அவர் பார்க்க வந்தது கிழக்கு அணியின் ரெனெட்டா பௌட்ரியை. லூசியானாக்காரி, கறுப்பினப் பெண், காற்றில் ஏறினால் இறங்க மறந்துபோகிறவள் என்று பேர். எந்தக் கோணத்திலிருந்தும் போடுவாள். போன வருஷத்து ஆல்-ஸ்டாரில் நாற்பதுக்கு மேல் போட்டவள்.

ஆல்-ஸ்டார் என்பது திருவிழா மாதிரி. அங்கே யாரும் யாரையும் தடுப்பதில்லை. வழிவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ரசிகர்கள் வருவதும் அதற்குத்தான். இதை ஆர்லிஸிடம் யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் சொல்வார்கள்?

கெஸ்லர் அவளை ரெனெட்டாவுக்கு எதிரே நிறுத்தினார். ஆர்லிஸ் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். ரெனெட்டா இடது பக்கம் திரும்பினால் ஆர்லிஸ் ஏற்கெனவே அங்கே நின்றாள். எழும்பினால் முகத்துக்கு நேரே கை. பந்து ரெனெட்டாவிடம் வருகிற வழியிலேயே இரண்டு தடவை தட்டிப் பறித்தாள். முதலில் கூட்டம் சிரித்தது. பிறகு முணுமுணுத்தது. பிறகு ஊளையிட்டது. "ஏய் மரமே, தள்ளி நில்லு! நாங்க உன்னப் பார்க்கவா வந்தோம்?" என்று ஒருவன் கத்தினான். சொந்த அணிக்காரி ஒருத்தி பக்கத்தில் ஓடிக்கொண்டே, "அடியே, இது சும்மா விளையாட்டுக்குடி. அவளப் போட விடு," என்றாள்.

பாதி ஆட்டம் முடிந்தபோது ரெனெட்டா போட்டிருந்தது இரண்டே கூடை.

லீக் தலைவர் லோவெல் ஸ்ட்ராண்ட் உடை மாற்றும் அறைக்கே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "யாரு அது, அந்தப் பன்னிப்பண்ணைக்காரி? இவ்வளவு பேரும் இந்தப் பனியில எதுக்கு வந்திருக்கோம்னு தெரியுமா அவளுக்கு?"

கெஸ்லர் ஆர்லிஸைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தவில்லை.

"கொஞ்சம் விட்டுக்குடும்மா. அவ்வளவுதான்."

"சரி சார்."

வீம்பு பிடிக்கிறவள் இல்லை அவள். சொன்னதைச் செய்தாள். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் ரெனெட்டா பந்தோடு வந்தாள்; ஆர்லிஸ் ஓரடி விலகி நின்றாள். கூடைக்கு வழி வெட்டவெளியாகக் கிடந்தது. ரெனெட்டா அந்த வழியைப் பார்த்தாள். நின்றாள். பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பொண்ணே, எனக்குப் பிச்ச போடுறியா?"

ஆர்லிஸ் கெஸ்லர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த மூஞ்சியப் பார்த்தா பிச்சைக்காரி மாதிரியா இருக்கு? வா. முன்ன நின்ன மாதிரி நில்லு."

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம். ரெனெட்டா அதுவரை ஆடாத ஆட்டம் ஆடினாள். ஆர்லிஸ் அதுவரை தடுக்காத மாதிரி தடுத்தாள். ஒவ்வொரு கூடையும் தோண்டி எடுத்த கூடை. பின்னால் சாய்ந்து, விழுந்துகொண்டே, இடது கையால், கூடைப் பலகைக்குப் பின்னாலிருந்து என்று ரெனெட்டா போட்டாள். இரண்டுக்கு ஒன்றை ஆர்லிஸ் தட்டிவிட்டாள். மற்ற எட்டுப் பேரும் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தார்கள். ஊளையிட்டவர்கள் ஊளையை மறந்தார்கள். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. கோட்டெல்லாம் கழன்று நாற்காலியில் கிடந்தது. கடைசி விசில் ஊதியபோது இருவரும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றார்கள். ரெனெட்டா கையை நீட்டி ஆர்லிஸின் பிடரியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

முன்வரிசையில் ஒட்டகக் கோட்டு இல்லை. பனியில் ரயில் நின்றுவிடும் என்று பயந்து பாதி ஆட்டத்திலேயே கிளம்பிப் போயிருந்தார்.

சிறந்த ஆட்டக்காரி பரிசு ரெனெட்டாவுக்கு. அது நியாயந்தான். ஆட்டத்தைப் படம் எடுத்தவர் யாரும் இல்லை. மறுநாள் பேப்பரில் பனியைப் பற்றித்தான் முதல் பக்கம் முழுக்க. உள்ளே மூன்று வரி.

டிவி ஒப்பந்தம் வரவில்லை. அணிகள் அதற்கு முன்பே ஒன்றொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தன; அடுத்த வருஷம் லீக்கே இல்லை. ஆனால் ஒரு வீடு இடிந்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டும், அதுவும் சின்னதாக, சொல்லிச் சிரிக்கிற மாதிரி. ஸ்ட்ராண்ட் ஏதோ ஒரு பாரில் சொன்னாராம்: "ஒரு பன்னிப்பண்ணைக்காரி கைய நீட்டினா, லீக்கே விழுந்துபோச்சு." அந்தப் பேச்சு வாட்டர்லூவுக்கும் வந்தது. கோனி ரூலண்ட் அதை ஆர்லிஸிடம் வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, "அடச்சீ, சும்மா சொன்னேன்டி," என்றாள். ஆர்லிஸும் சிரித்தாள். அன்று மத்தியானமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

பண்ணை அண்ணனுக்குப் போனது. ஆர்லிஸ் மாவட்டச் சாலைத் துறையில் சேர்ந்தாள். கோடையில் சாலையோரப் புல் வெட்டுவது, குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுவது. தனி ஆள் வேலை. கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை. பின்னால் தான் திறந்துவிட்ட கறுப்புச் சாலை. வழியில் வண்டி சிக்கிக்கொண்டவர்களை இழுத்து விடுவாள். அவர்கள் நன்றி சொல்லிக் கையாட்டுவார்கள். கம்பளித் தொப்பிக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடப் பலருக்குத் தெரியாது. தீவனக் கடை டேல் என்பவன் இரண்டு தடவை அவளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனான். இரண்டு தடவையும் வரும்போதும் போகும்போதும் வண்டிக்குள் மௌனம். மூன்றாவது தடவை அவன் கூப்பிடவில்லை.

அப்பா கடைசிக் காலத்தில் முதியோர் இல்லத்தில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என் வண்டிய எடுத்துக்கிட்டு மில்வாக்கிக்குப் போனியே. செயிச்சியா?"

இத்தனை வருஷம் கழித்து அந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைக்கவில்லை. ஆலோசித்துப் பார்த்தாள். எந்த அணி வென்றது என்பது உண்மையிலேயே நினைவில்லை.

"தெரியலப்பா."

"ம்," என்றார் அவர். "வைப்பர் தொல்ல பண்ணுச்சா?"

"கொஞ்சம்."

அவர் போனபிறகு வந்த கோடையில் பழைய லீக் ஆட்டக்காரிகள் மில்வாக்கியில் ஒரு மதிய விருந்துக்குக் கூடினார்கள். ஆர்லிஸ் போனாள். ரெனெட்டாவைப் பார்க்கலாம் என்ற ஒரே ஆசைதான். வாசலில் பெயரட்டையைக் குத்திவிட்டார்கள். யாரோ ஒரு நரைத்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கி அதைப் படித்துவிட்டு, "அட! லீக்க இழுத்து மூடுன ஆளு நீதானா?" என்று கட்டிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட மனசோடு இல்லை. ஆர்லிஸும் அவர்களோடு சிரித்துவிட்டு, உருளைக்கிழங்கு சாலட்டை எடுத்துக்கொண்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது காது கொடுத்தாள். "ரெனெட்டா அன்னிக்கு அம்பது போட்டா," என்றாள் ஒருத்தி. "அறுபதுடி," என்றாள் இன்னொருத்தி. யார் தடுத்தார்கள் என்பது பேச்சில் வரவேயில்லை.

ரெனெட்டா வரவில்லை. முழங்கால் அறுவைச் சிகிச்சையாம், ஷ்ரீவ்போர்ட்டில் மகள் வீட்டில் இருக்கிறாளாம். விருந்து ஏற்பாடு செய்தவளிடம் அவளுடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு ஆர்லிஸ் சீக்கிரமே புறப்பட்டாள்.

அந்த எண்ணைச் சுழற்ற மனம் துணிவதற்குள் அறுவடை முடிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள்.

"ஹாகனா? எந்த ஹாகன்?"

"மில்வாக்கியில... பனி பெஞ்ச அன்னிக்கு..."

"அடி பாவி! உண்ணி மாதிரி ஒட்டிக்கிட்டியே, அவளா நீ? உன்ன மூணு வருஷம் மனசுக்குள்ள திட்டியிருக்கேன், தெரியுமா? உன்னாலதான் அந்த டிவிக்காரன் ஓடிப்போனான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்புனேன்."

"நானும்தான்," என்றாள் ஆர்லிஸ்.

ரெனெட்டா சிரித்தாள். "விடு. அவன் ஷூ நனைஞ்சிருக்கும். அதான் ஓடியிருப்பான்."

ஆர்லிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கடைசிக் கால் பகுதி... உனக்கு ஞாபகம் இருக்கா?"

"பொய் சொல்ல மாட்டேன்டி. அப்புறம் இத்தாலியில ஆறு வருஷம் ஆடினேன். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு. நீ எனக்குப் பிச்ச போட்டது நல்லா ஞாபகமிருக்கு. அதுக்கு மேல என்ன நடந்துச்சு? நீ சொல்லேன்."

ஆர்லிஸ் சமையலறை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சொன்னாள். யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. நீ இடது தோள இறக்கின, நான் நம்பிட்டேன், நீ வலது பக்கம் போன. அடுத்த தடவையும் இடது தோள இறக்கின, நான் நம்பல, ஆனா நீ இடது பக்கமே போன. பலகைக்குப் பின்னாலேர்ந்து போட்டியே, அதுக்கு முன்னாடி என்னப் பார்த்துக் கண்ணடிச்ச. ஒவ்வொன்றாக, கை பட்ட இடம் கால் வழுக்கிய இடம் உட்பட. அந்தப் பக்கத்திலிருந்து "ம்... ம்" என்று மட்டும் வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் வெயில் சாய்ந்தது. முடித்தபோது ஆர்லிஸுக்கு வாய் வலித்தது.

"அப்படியா ஆடினேன் நான்?" என்றாள் ரெனெட்டா, மெதுவாக.

"அப்படித்தான் ஆடின."

"கடவுளே." மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "உன்கூட யாரு இருக்கா ஆர்லிஸ், வீட்டுல?"

ஆர்லிஸ் சுற்றிப் பார்த்தாள். அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, ஆணியில் மாட்டிய கோட்டு.

"நாய் இருக்கு."

"நல்லது. பேரென்ன?"

"ரஸ்டி," என்றாள், இல்லாத நாய்க்கு வாயில் வந்த பேரை.

அடுத்த தடவை நேரில் பார்க்கலாம் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். அது நடக்கவில்லை. இரண்டு கிறிஸ்துமஸுக்கு ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து வாழ்த்தட்டை வந்தது, மூன்றாவதற்கு வரவில்லை. தொலைபேசியில் பேசியதற்கு அடுத்த வாரமே ஆர்லிஸ் பக்கத்துப் பண்ணைக்குப் போய், பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்த நாய்க்குட்டிகளில் ஒன்றை வாங்கி வந்தாள். ரஸ்டி என்ற பேருக்குப் பொருந்துகிற, துருவின் பழுப்பு நிறக் குட்டிகளும் இருந்தன. ஆனால் அவள் காலடியில் வந்து படுத்தது கறுப்பு. அதற்கும் ரஸ்டி என்றே பெயர் வைத்தாள்.