ஓரகத்தியின் கறுப்புக் கட்டை

ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் சர்ச்சுக்குப் பியானோ வாசிப்பவள் நான். என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகும்வரை அதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. வந்த ஓரகத்தி பெங்களூர்க்காரி, பியானோ படித்தவள். எனக்கு இடது மணிக்கட்டு சுளுக்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்தார்கள். பாட்டின் முடிவில் நான் ஏ மைனர் கார்டுக்கு மூன்று விரல் வைக்கும் இடத்தில், அவள் நாலாவதாக ஒன்றைச் சேர்த்தாள். அந்த ஒலி, அழுகை பாதியில் நின்றாற்போல் இருந்தது.

பாடகர் குழுத் தலைவர் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "இன்னாம்மா இது, கேஜு ரெண்டு லெவலுக்கு நடுவுல நின்னாப்ல கீது!" என்று அவளைக் கொண்டாடினார். ஆளை இறக்கும் கூண்டு நடுவழியில் நின்றால் பயப்படத்தானே வேண்டும்? இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம். பெரிய வெள்ளி ஆராதனைக்கு யார் பியானோவில் உட்காருகிறார்களோ, அடுத்த பெரிய வெள்ளிவரை அந்த இடம் அவர்களுக்குத்தான். பெரிய வெள்ளியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் தாய்வீடு போகப் பங்காருபேட்டையில் ரயிலேறியதும் வீட்டுக் கீபோர்டில் வலது கையால் அந்த நாலாவதைத் தேடினேன். அவளையே கேட்டிருக்கலாம். கேட்பேனா நான்? ஏ, சி, இ. கூட எஃப் வைத்தேன், பாயசமாக இனித்தது. ஜி வைத்தேன், சப்பென்று இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த கறுப்புக் கட்டையைத் தொடத் தோன்றவே இல்லை. ஏ மைனரில் ஜி ஷார்ப்பைத் தவிர வேறு கறுப்புக்குப் போகாமல் பழகிய கை.

அடுத்த ஞாயிறு, பக்கம் புரட்டித் தருகிறேன் என்று அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவள் சுண்டுவிரல் நேராக அந்தக் கறுப்புக் கட்டைக்குத்தான் போனது. எஃப் ஷார்ப். மைனர் கார்டுதான், ஆறாவது சுரத்தை மட்டும் மேஜரிலிருந்து எடுத்துக்கொள்கிறாள். அடிப்பாவி! இத்தனை வருஷமாக அது என் கைக்குக் கீழேயே கிடந்திருக்கிறது. வீட்டில் டி மைனருக்கு பி, இ மைனருக்கு சி ஷார்ப் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். சாம்பார் அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

என் மணிக்கட்டு தேறியிருந்தது. பெரிய வெள்ளிக்கு யார் என்று தலைவர் கேட்டபோது, "அக்காவே வாசிக்கட்டும் அங்கிள்" என்று ஓரகத்தி சொல்லிவிட்டாள். நான் பறிக்க நினைத்ததை அவள் தானமாகப் போட்டாள். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன்.

கடைசி ஏ மைனரில் சுண்டுவிரலைக் கறுப்பில் வைத்தேன். சர்ச்சே அசையவில்லை. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஆராதனை முடிந்ததும் தலைவர் என்னை நோக்கி வேகமாக வந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அவளிடம், "அக்காவுக்கு நல்லா கத்துக் குடுத்துக்கீறம்மா!" என்றார்.

"ஐயோ அங்கிள், நான் ஒண்ணுமே சொல்லித் தரல."

அவர் என் பக்கம் திரும்பினார். "இன்னா அடக்கம் பாத்தியாம்மா, இந்தப் பொண்ணுக்கு!"