பாட்டிலில் கரைந்த மெருகு

என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, காதோரம் வைத்து இரண்டு தடவை குலுக்கினார். உள்ளே எதுவும் உருளவில்லை என்று தெரிந்த பிறகுதான், "ம், வாங்க தம்பி" என்றார். மூடியைத் திறந்து மோந்து பார்க்காமல் விட்டது நான் செய்த புண்ணியம். கூரியர்காரர், குழாய் பழுது பார்க்க வருபவர், எதிர்வீட்டு ஆசிரியை என்று யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. இரண்டு வாரமாக எங்கள் குடியிருப்பில் பாட்டிலோடு நடமாடும் எவரும் இந்தச் சோதனைக்குத் தப்பியதில்லை.

எங்களுக்கெல்லாம் அவர் மெருகக்கா. வயது ஐம்பத்திரண்டு. கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் குடித்தனம், மற்றொன்றில் கற்களுக்கு மெருகு போடும் வேலை. ரப்பர் உருளைக்குள் கல்லும் தண்ணீரும் பொடியும் போட்டு மூடி மோட்டாரை ஓடவிடுவார். அலமாரியில் நான்கு டப்பாக்கள். முதல் டப்பா கரட்டுப்பொடி. அது பட்டால் கண்ணாடிகூடச் சொரசொரத்துவிடும். அடுத்தடுத்த டப்பாக்களில் பொடி நைசாகிக்கொண்டே போகும். நாலாவது டப்பாவை எட்டுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். கடைசியில் சக்கரத்தில் ஒவ்வொரு கல்லையும் தனியாகப் பிடித்து, உருண்டு ஓடாமல் நிற்பதற்காக அடியில் ஒரு ஓரத்தை மட்டும் சற்றே தட்டையாக்குவார். அதுதான் அவர் கையெழுத்து.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலில் சக்கரம் கட்டிய ஜென்மம். உருளையின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் வாசலில் பேசிக்கொண்டிருப்பவர் பாதி வாக்கியத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடுவார். வேலை அறைக்குள் ஒரு பருக்கை சாப்பிட மாட்டார், ஒரு மடக்குக் குடிக்க மாட்டார். டீயை வராந்தாவில் நின்றபடி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய கையால்தான் குடிப்பார். உருளையைக் கழுவிய பச்சைச் சேற்றை வாளியில் தெளியவிட்டு அள்ளித் தனியே கட்டிவைப்பார். "இத சாக்கடைல கூட ஊத்த மாட்டேன் தம்பி. எலி குடிச்சாலும் பாவம்தானே." இருபது வருடமாக இந்த ஆசாரம்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வேலை செய்பவர் வாசலுக்குத்தான் மாடி வீட்டுப் பெண் அந்த பாட்டிலை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஐந்து மாதம் அவளுக்கு. வாயில் எதை வைத்தாலும் குமட்டல். கண்ணாடி பாட்டிலுக்குள் எலுமிச்சைத் துண்டு மிதந்தது. அடியில் வளையம் வளையமாகக் கோடு ஓடிய பச்சைக் கல் ஒன்று கிடந்தது.

"பாத்தீங்களாக்கா, உங்க கல்லு மாதிரியே ஒண்ணு வாங்கிட்டேன். தண்ணில போட்டுக் குடிச்சா மனசு அமைதியாகும், கொழந்தைக்கும் நல்லதாம்."

மெருகக்கா தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கல்லை உள்ளங்கையில் கவிழ்த்தார். அடியைத் தடவினார். தட்டையான ஓரம் விரலில் பட்டது. அவர் மெருகு போட்ட கல்லேதான். ஆனால் பளபளப்பு இல்லை. தேய்ந்த சோப்புக்கட்டி போல வெளிறியிருந்தது.

"இதுக்கு நான் போட்ட மெருகு எங்க?"

"வாங்குறப்ப கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சுக்கா."

"எத்தன நாளா குடிக்கிற?"

"பன்னெண்டு நாளா. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா கொஞ்சம் கேக்குது. குமட்டல் இன்னும் கூடிச்சா, அதான் இப்ப ரெண்டு பழமா பிழியறேன்."

"புளிப்பு பட்டா இந்தக் கல்லு கரையும்டி! கரைஞ்சது பாட்டில்ல இல்ல. அப்ப எங்க போச்சு?" அவர் கை அவள் வயிற்றுப் பக்கம் நீண்டு, தொடாமல் நடுவழியில் நின்றது. அந்தப் பெண்ணின் முகத்தில் அப்போது வந்த கலவரத்தை நான் படியில் நின்று பார்த்தேன். அதை மறக்க எனக்கு வழி தெரியவில்லை.

வேலைத் துணியைக் கூட மாற்றாமல் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இது செம்புக் கல்லும்மா. சிலதுல ஈயம் இருக்கும், சிலதுல ஆர்சனிக் இருக்கும். சாயம் ஏத்தி, பசை தடவி வர்றதும் உண்டு. கழுத்துல போடுங்க, மேசைல வைங்க. குடிக்கிற தண்ணில எதுக்கு?" கர்ப்பிணிகளுக்கு ரத்தத்தில் செம்பு இயல்பாகவே கொஞ்சம் ஏறுமாம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இவளுக்கு ஏறியிருந்தது அதையும் தாண்டி. உடனே நிறுத்திவிட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். அதுவரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அன்று மாலையே, தன்னிடம் கற்களை வாங்கி விற்கும் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார். கடைக்காரர் கோபப்படவில்லை, டீ வரவழைத்தார். "வாங்குறவங்க எதுல போட்டா நமக்கென்னக்கா? மங்கலா இருந்தா எவன் தொடுவான்? மெருகுக்குத்தான் ஜனங்க மயங்குது. உங்க கைதான் என் வியாபாரமே." புகழ்ச்சி என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். திரும்பி வந்த மெருகக்கா வராந்தா விளக்கடியில் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கைதானாம் தம்பி" என்றார்.

அந்த இரண்டு வாரமும் எங்களுக்கும் நிம்மதியில்லை. காலையில் மூன்று தடவை, மாலையில் நாலு தடவை மாடிப்படி ஏறுவார். "அசையுதாடி?" என்று கதவுக்கு வெளியிலிருந்தே கேட்பார். "இப்பத்தானேக்கா கேட்டீங்க" என்பாள் அவள். துடைத்த மேசையையே துடைப்பார். பாட்டில் குலுக்கும் வழக்கம் தொடங்கியதும் அப்போதுதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: தூக்கம் வரட்டும் என்று ஒரு ஊதாக் கல்லை வாங்கி என் கூஜாவில் போட்டிருந்தவன் நானும்தான். அது ஆபத்தான வகையா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ராவோடு ராவாக எடுத்துப் புத்தக அலமாரியில் வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக பாட்டிலை நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்று நான் போன நேரத்தில் வேலை அறையில் உருளை ஓயாமல் உருண்டுகொண்டிருந்தது. மேசைமேல் ஒரு தட்டில், மெல்லிய தாளில் பொதிந்த நாற்பது பச்சைக் கற்கள். ஒரு மாத உழைப்பு. சாயங்காலம் கடையிலிருந்து ஆள் வந்து எடுத்துப் போக வேண்டியவை. மெருகக்கா தட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வராந்தாவில் வைத்த டீ ஆறிப்போயிருந்தது.

நாலு மணி சுமாருக்கு மாடி வீட்டுப் பெண் கையில் தாளோடு வந்தாள். நடையிலேயே சேதி தெரிந்துவிட்டது. "எறங்கிடுச்சுக்கா. ஸ்கேன்லயும் கொழந்தை நல்லா இருக்காம். பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

மெருகக்கா தாளை வாங்கிக் கண்ணாடி போடாமலே மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மடித்து அவளிடமே கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். "போ, போய்ப் படு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உருளையை நிறுத்தினார். அதிலிருந்த கூழாங்கற்களை வாளியில் கொட்டினார். பிறகு தட்டிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முகம் தெரியும் அளவுக்கு மின்னிய அந்த நாற்பது பச்சைக் கற்களையும் உருளைக்குள் போட்டார். அலமாரியிலிருந்து முதல் டப்பாவை எடுத்து, கரட்டுப்பொடியில் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கினார். சுவிட்சைப் போட்டார்.