தம்பிக்கு எடுத்து வைத்த பெட்டி

அவர் பெயரை நாங்கள் இரண்டு பேரும் சொன்னதே இல்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிற மாதிரி ஒரு கூச்சம். மதினிதான் முதலில் "தம்பி" என்று சொன்னாள். அவளுக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அதனால் அந்த வார்த்தை அவள் வாயில் சும்மாவே கிடந்தது போல. அன்றிலிருந்து எனக்கும் அவர் தம்பிதான்.

மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் செத்துப்போன பிறகு அவளும் நானும் ஒரே தெருவில், நாலு வீடு தள்ளி இருந்தோம். ஆமத்தூர்ப் பக்கத்து ஊர். காலையில் கம்பெனி வேன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இறக்கிவிடும். பெட்டி போடுகிற ரூமில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்ப்போம். சரவெடியைப் பெட்டிக்குள் வைத்து, மூடி, மேலே லேபிள் ஒட்ட வேண்டும்.

தம்பி பாட்டுக்காரர். சினிமாவுக்கு வருமுன்பே தானே பாட்டுக் கட்டிக் கேசட் போட்டவர். டிவியில் அவர் பாட்டு வந்தால், தலைமுடியைக் கோதிக்கொண்டு கடற்கரையில் நடந்து வருவார். எனக்கு அந்த நடையெல்லாம் பிடிக்காது. குரல்தான். மேலே ஏறுகிற வரிக்கு முன்னால் ஒரு மூச்சு வாங்குவார். கிணற்றுக்குள் குதிக்கப் போகிற பிள்ளை வாங்குகிற மூச்சு மாதிரி இருக்கும். அந்த மூச்சு கேட்டதும் மதினி என் தொடையைக் கிள்ளுவாள்.

ஒருநாள் டிவியில் நேரடி நிகழ்ச்சி. தம்பிக்குக் குரல் கட்டியிருந்தது. மதினி எழுந்து டிவிக்குக் கிட்டவே போய்விட்டாள்.

"சளி பிடிச்சிருக்கு பாரு. கூட இருக்கவுக ஒருத்தரும் வெந்நி வெச்சுக் குடுக்க மாட்டாகளா? எம்புட்டுக் கூட்டம் நிக்குது, எதுக்கு நிக்குது?"

அவள் மகன், என் மருமகன், சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். "நீ வேணா மெட்ராசுக்குப் போயி வெந்நி வெச்சுக் குடேன்மா. எனக்குத்தான் வெக்க மாட்டேங்கிற."

"ஒனக்குப் பாட வருமாலே? வாயப் பொத்திக்கிட்டுச் சாப்பிடு."

பிறகு ஒரு சமயம், தம்பிக்குத் தொண்டையில் ஆபரேசன் என்று பேப்பரில் போட்டிருந்தது. மதினி செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு பொழுது இருந்தாள். அம்மனிடம் என்ன வேண்டிக்கொண்டாள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவள் அப்படித்தான் இருந்தாள். அது பலிக்கவில்லை, இது பலித்தது. தம்பி மறுபடி பாட வந்ததும் ரூம் முழுக்க எல்லாருக்கும் பொரிகடலை கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "ஒடம்புக்கு நல்லாயிருச்சு" என்றாள். யார் உடம்புக்கு என்று சொல்லவில்லை.

கம்பெனிக்குள் ரேடியோ, போன் ஒன்றும் கொண்டுபோகக் கூடாது. வெடிமருந்து இருக்கிற இடம். அதனால் பாட்டு என்றால் எங்களுக்குக் காலையில் வேன் நிற்கிற டீக்கடைதான். அந்தத் திருப்பத்தில் ரெண்டு பொம்பளைகள் ஏறுவார்கள். கடையில் எஃப்.எம். ஓடிக்கொண்டே இருக்கும். மதினி எப்போதும் கடைப் பக்கத்துச் சன்னலோரம் உட்காருவாள். தம்பி பாட்டு ஓடுகிற அன்றைக்குப் பார்த்து அவள் செருப்பு வேனுக்கு வெளியே விழுந்துவிடும். இறங்கி, தேடி, தூசி தட்டி, மாட்டி, ஏறுவதற்குள் பாட்டு முடிந்திருக்கும். வேன்காரர் ஸ்டியரிங்கில் தட்டுவார்.

"அக்கா, அந்தச் செருப்ப ஆணி வெச்சுக் கால்ல அடிச்சு விட்டுரவா? அங்க போர்மேன்கிட்டப் பேச்சு வாங்குறது நானு."

"அவசரமாப் போயி எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறோம், சும்மா இருங்கண்ணே" என்பாள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். சீசன் சூடு பிடித்த நேரம். சிவகாசி அச்சாபீசிலிருந்து புது லேபிள் கட்டு வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் தம்பி. கையில் மைக், பின்னால் மத்தாப்புச் சிதறல், நெற்றிக்கு மேலே கம்பெனி முத்திரை. நடிகர், நடிகை, கிரிக்கெட் ஆடுகிறவர் என்று வருஷா வருஷம் யார் பெயர் அடிபடுகிறதோ அவர் முகத்தைப் போட்டுவிடுவார்கள். அவர்களிடம் கேட்டுத்தான் போடுகிறார்களா என்று எங்களுக்குத் தெரியாது.

மதினி லேபிளை எடுத்துப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று முழுக்க ஒவ்வொரு லேபிளையும் கோணாமல் ஒட்டினாள். முகத்தில் பசை பட்டால் முந்தானையால் துடைத்தாள். மற்றவர்கள் ரெண்டு பெட்டி முடிக்கையில் அவள் ஒன்று முடித்தாள்.

சாயங்காலம்தான் அவளுக்கு அது உறைத்தது.

"ஏ தாயி, இதப் பூராவும் வெடிச்சுட்டுத் தெருவுலதானே போடுவாக?"

"ஆமா மதினி."

"அப்ப தம்பி மொகம்?"

அத்தனை வருஷம் அத்தனை முகங்களை ஒட்டியிருக்கிறோம். அதுவரை எங்களுக்கு அது தோன்றியதே இல்லை.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள், விடிந்ததும் விடியாததுமாக மதினி தெருவில் குனிந்து குனிந்து போவதைப் பார்த்தேன். சிவப்புக் காகிதக் குப்பைக்குள்ளிருந்து பெட்டி மூடிகளைப் பொறுக்கினாள். சில மூடியில் முகம் பாதி கருகியிருந்தது, சில மூடியை மாடு மிதித்திருந்தது. எல்லாவற்றையும் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் போட்டு மூடினாள். பார்த்தவர்கள், புருஷன் போனதிலிருந்து அவளுக்குப் புத்தி சரியில்லை என்றார்கள். நான் போய்க் குழியில் மண் தள்ளிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ஒரே ஒரு பெட்டியை மட்டும் அவள் வெடிக்க விடவில்லை. அவளே சரம் அடுக்கி, அவளே லேபிள் ஒட்டி, போர்மேனிடம் சொல்லி எடுத்து வந்த பெட்டி. "இத தம்பி கையில குடுக்கணும்" என்றாள். ரூமில் எல்லாரும் கேலி செய்தார்கள்.

"மதினி, தம்பிக்குச் சீர் வரிசை எடுத்து வெக்கிறீகளா? கூட ஒரு மோதிரமும் வெச்சுருங்க."

"சீருதான். ஒங்க வீட்டுல யாரும் செய்யலைன்னா அதுக்கு நான் என்ன பண்ண?"

எங்கள் பக்கத்தில் வெளியூர்க்காரர்களுக்கு என்ன கொடுப்பது என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்கும் பட்டாசுப் பெட்டிதான், மதுரைச் சம்பந்தகாரருக்கும் பட்டாசுப் பெட்டிதான். மல்லிகைப்பூ விளைகிற ஊர்க்காரர்கள் பூக் கொடுப்பதில்லையா, அது மாதிரி.

அந்தப் பெட்டி பீரோவுக்கு மேலே பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. மழைக்காலம் கழிந்து வெயில் வந்ததும் அதை எடுத்து முற்றத்தில் கொஞ்ச நேரம் சுளகில் வைத்துக் காய வைப்பாள். அது வெளியே இருக்கும்வரை அடுப்புப் பற்ற வைக்க யாரையும் விடமாட்டாள். மகன் கத்துவான், "வீட்டுக்குள்ள வெடிய வெச்சுக் குடித்தனம் பண்ணுற ஒரே பொம்பள நீதாம்மா." அவள், "நமுத்துப் போன வெடிய ஒருத்தருக்குக் குடுக்க முடியுமாலே" என்பாள்.

அப்புறம் ஒரு பங்குனியில் விருதுநகரில் திருவிழாச் சமயம் தம்பி கச்சேரி என்று போஸ்டர் ஒட்டினார்கள். டீக்கடைச் சுவரில் போஸ்டரைப் பார்த்த அன்று செருப்பு நிஜமாகவே விழுந்தது, அதை அவள் கவனிக்கவில்லை.

இரண்டு பேரும் மத்தியானமே கிளம்பிவிட்டோம். மதினி கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் பட்டைக் கட்டியிருந்தாள். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, புதுத் துண்டில் சுற்றி, ஒயர் கூடையில் வைத்திருந்தாள். பஸ்ஸில் கூடையை மடியை விட்டு இறக்கவில்லை. நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாதா? வெளியூர்க்காரர்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதை ஒரு தப்பு என்று நினைக்கவே இல்லை. நாங்கள் கொண்டுபோனது வெடி என்றே எங்கள் மனதில் இல்லை. அது சீர்.

மைதானத்து வாசலில் போலீஸ் நின்றது. ஒரு பெண் போலீஸ் கூடையில் கையை விட்டாள். துண்டைப் பிரித்தாள். அவள் முகம் மாறியது.

"என்னம்மா இது? கச்சேரிக்கு வெடி கொண்டு வந்திருக்க?"

"தம்பிக்குக் குடுக்க" என்றாள் மதினி.

"எந்தத் தம்பிக்கு?"

மதினி பெட்டியின் மேலிருந்த படத்தைக் காட்டினாள். பெண் போலீஸ் படத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். வயசான ஏட்டு ஒருவர் வந்தார். அவர் நம்ம பக்கத்துக்காரர்.

"ஆத்தா, வெடியோட உள்ள விட முடியாது. அந்தா டிரம்முல தண்ணி இருக்கு. அதுல போட்டுட்டு ரெண்டு பேரும் போயி நல்லா முன்னாடி உக்காருங்க."

"தண்ணியில போட்டா என்னத்துக்கு ஆகும்?"

"போடலைன்னா நீங்க வெளிய நிக்கணும். கூட்டத்துல யாராச்சும் கொளுத்திட்டா?"

"தம்பி பாடுற எடத்துல வெடிய விடுவமாய்யா? நாங்க என்ன அம்புட்டுக் கூறு கெட்டவளுகளா?" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. போலீஸ் முன்னால் எனக்குப் பேச்சு வராது. போலீஸ் இல்லாத இடத்திலும் வராது.

மதினி டிரம்மை எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்குள் யாரோ போட்ட பீடிக்கட்டும் தீப்பெட்டியும் மிதந்தன. அவள் துண்டை மறுபடி சுற்றினாள்.

"நீ போயிப் பாத்துட்டு வா தாயி. நான் இங்கன இருக்கேன்."

"நீங்க இல்லாமயா மதினி? நீங்க போங்க, நான் பெட்டிய வெச்சுக்கிட்டு இருக்கேன்."

"சீரு கொண்டு வந்தவ நானு. வெறுங்கையோட எப்பிடிப் போயி அவரு முன்னாடி நிப்பேன்? ஒருத்தியாச்சும் பாக்கணும்ல. போ."

போனேன். என் உயரத்துக்கு ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. தம்பி பாட ஆரம்பித்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இரண்டு தோள்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சட்டைக் கையும் மைக்கும் தெரிந்தன. அந்த மூச்சு வந்தது. மேலே ஏறுகிற வரிக்கு முன்னால் வருகிற அதே மூச்சு. என் தொடையைக் கிள்ள ஆள் இல்லை. ஒரு பாட்டு முடிந்ததும் திரும்பிவிட்டேன்.

மதினி கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கூடை மடியில். ஸ்பீக்கரில் பாட்டு நன்றாகக் கேட்டது.

"அதுக்குள்ள ஏன் வந்த? பாத்தியா?"

"கையத்தான் பாத்தேன் மதினி."

"எந்தக் கை?"

"மைக் பிடிச்ச கை."

"அது போதும்" என்றாள். பிறகு, "என்ன சட்ட?"

"வெள்ள."

"வெள்ள அவருக்கு எடுக்காது. சொல்ல ஆளில்ல பாரு."

கச்சேரி முடிந்து தம்பியின் கார் வேறு வாசல் வழியாகப் போய்விட்டது. நாங்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்தோம். "அடுத்த பங்குனிக்கு வருவாரு. அப்ப மொதல்லயே யாருகிட்டயாச்சும் சொல்லி வெச்சுருவோம்" என்றாள். யாரிடம் சொல்வது என்று எங்களுக்குத் தெரியாது.

அடுத்த பங்குனிக்கு வேறு யாரோ வந்தார்கள். அதற்கு அடுத்ததிலும் தம்பி வரவில்லை. டிவியிலும் அவர் வருவது குறைந்தது. புதுப் பையன்கள் வந்தார்கள், லேபிளிலும் அவர்கள் முகம் வந்தது. மதினி அவற்றைக் கோணலாக ஒட்டினாள். அதற்குள் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சுச் சளி என்றார்கள், அப்புறம் வேறு என்னவோ சொன்னார்கள். விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்சநாள் கிடந்தாள், பிறகு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். பேச மூச்சு இல்லை. பீரோ மேலே கண்ணைக் காட்டுவாள். நான் பெட்டியை இறக்கி வெயிலில் வைத்து எடுப்பேன். "வருவாரா?" என்று உதடு அசையும். "வருவாரு மதினி" என்பேன்.

வரவில்லை. அவள்தான் போனாள்.

எங்கள் ஊரில் சாவுக்கு வெடி குறைவில்லாமல் போடுவார்கள். பாடைக்குத் தேர் கட்டிக்கொண்டிருக்கும்போது மகன் பீரோ மேலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்தான்.

"அத்தை, இதையும் எடுத்துக்கிடவா? அம்மா எதுக்கோ பத்திரமா வெச்சிருந்துச்சே."

எதற்கு என்று அவனுக்குத் தெரியும். அவனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஆம்பளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் அதுவரை பேசியதில்லை. பெட்டியை நான் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வைத்து? ஒரு வாசலைத் தாண்ட வாய் வராதவள் எந்தக் காலத்தில் போய் அவர் கையில் கொடுக்கப் போகிறேன்?

"சரத்த மட்டும் எடுத்துக்கோலே" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. "பெட்டியக் கிழிச்சுராத. அம்மா தலைமாட்டுல வெச்சுரு. மொகம் மேல பாத்து இருக்கட்டும்."

அவன் அப்படியே வைத்தான்.

பொம்பளைகள் நாங்கள் தெருமுக்கோடு நின்றுவிட வேண்டும். தேர் திரும்பியது. மற்ற வெடிகள் வெடித்து ஓய்ந்த பிறகு அந்தச் சரத்தைப் பற்ற வைத்தார்கள். எனக்குத் தெரியும், அது அதுதான். நடுவில் நிற்காமல், ஒன்றுகூடப் புஸ்ஸென்று போகாமல், கடைசிவரை வெடித்தது. கொஞ்சமும் நமுக்கவில்லை.

பதினாறு முடிந்து வேலைக்குப் போனேன். வேனில் சன்னலோரம் காலியாக இருந்தது. யாரும் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. டீக்கடைத் திருப்பத்தில் அந்த ரெண்டு பொம்பளைகளும் ஏறினார்கள். கடையில் தம்பி பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பழைய பாட்டு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிளம்பிவிட்டால் தேவலை என்று இருந்தது.

வேன்காரர் என்ஜினை நிறுத்தினார். இறங்கி, முன் டயரைக் காலால் தட்டினார். பின் டயரைத் தட்டினார். மறுபடி முன்னால் வந்து தட்டினார்.

பாட்டு முடிந்த பிறகுதான் ஏறினார்.