பன்னிரண்டு அங்குலமும் பக்கத்து வீட்டுத் தூக்கமும்

அந்த ஸ்பீக்கரை நான் காதால் கேட்டு வாங்கவில்லை. நெஞ்சால் கேட்டு வாங்கினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், ஒரு கோடை விடுமுறை. பாலிடெக்னிக் படித்துக்கொண்டே கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் பையில் இருந்தது. அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி செய்து விற்கும் கடை. கடைக்காரர் முதலில் ஆறு அங்குல ஜோடியைப் பாடவிட்டார். பாடகி எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து பாடுவது போலிருந்தது. அடுத்தது பன்னிரண்டு அங்குலம். மேளம் விழுந்ததும் கடைக் கண்ணாடி அலமாரியே சிலிர்த்தது. கூட வந்த நண்பன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"மச்சான், நெஞ்சு இன்னாமா அதிருது பார்றா! இத்த வுட்டுட்டு அந்த சோப்பு டப்பாவயா வாங்கப் போற?"

"பத்துக்குப் பத்து ரூமுக்கு இது ஜாஸ்தி தம்பி," என்றார் கடைக்காரர். "ஒரு வாரம் வச்சுப் பாரு. ஒத்து வரலன்னா எடுத்துகினு வா, மாத்திக்கலாம்."

ஒரு வாரமாவது, மாற்றுவதாவது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒன்று. என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் படுக்கையறை. பெட்டிகள் இரண்டையும் அந்தச் சுவரின் மூலைகளில் ஒட்டி வைத்தேன். மூலையில் வைத்தால் மேளம் இன்னும் கனமாக இறங்கும் என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தேன். நான்காவது நாள், காலை பதினொரு மணி. பாட்டு ஓடிக்கொண்டிருக்க, ஜன்னலோரம் நின்றிருந்தேன். அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டு மாமா லுங்கியோடு வெளியே வந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போனார். பத்து நிமிடத்தில் மறுபடி வந்தார். மூன்றாவது முறை நானும் வெளியே போனேன்.

"யாரைத் தேடுறீங்க மாமா?"

"யாரோ கதவைத் தட்டுதாவல்லா? டூட்டிக்கு ஆள் அனுப்பிட்டாவளோன்னு எந்திச்சு வாரேன், ஒருத்தனையும் காணோம். நாலு நாளா இதே கூத்துதான்."

மாமா திருநெல்வேலிக்காரர். தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். ஆட்களின் தலைக்கு மேல் டன் கணக்கில் இரும்பைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை. அந்த வாரம் அவருக்கு இரவு ஷிப்ட். பகலில் தூங்கினால்தான் உண்டு.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. பாலிடெக்னிக் படிப்பதால் அத்தைக்கு நான் எஞ்சினியர். "ஒருத்தரும் தட்டல. எல்லாம் இந்த எஞ்சினியரு வீட்டு மேளந்தான். சொன்னா நம்ப மாட்டக்காவ. செவந்த கண்ணோடயேதான் டூட்டிக்குப் போறாவ."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போய் அவர் கட்டில் ஓரம் நின்று கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடியது எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. இங்கே பாடகி இல்லை, வயலின் இல்லை, ஒரு சொல்கூட இல்லை. தும், தும் என்பது மட்டும்தான். பொறுமையில்லாத ஒருவர் கதவைத் தட்டுவது போலவே இருந்தது. நானாக இருந்தாலும் எழுந்துதான் போயிருப்பேன்.

மாமா கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார். "பாட்டை நீ வச்சுக்கிட்டு, மேளத்தை மட்டும் எனக்கு அனுப்புதியால?"

அன்று பாட்டை நிறுத்திவிட்டு என் கேசட்டுகளைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் பாடல்கள், வயலின், பெரும்பாலும் தனிக்குரல்கள். மேளம் முழங்குபவை இரண்டே இரண்டு. நான்கு நாளாக அந்த இரண்டைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றிப் போட்டிருக்கிறேன். எனக்குப் பிடித்ததைக் கேட்க ஸ்பீக்கர் வாங்கியது போய், ஸ்பீக்கருக்குப் பிடித்ததை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இதை ஒப்புக்கொள்வது பெட்டிகளை மின்சார ரயிலில் ஏற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பெட்டிகளோடு போய் நின்ற என்னைப் பார்த்ததும் கடைக்காரர் ஆரம்பித்துவிட்டார். "எல்லாரும் சின்னதக் குடுத்துட்டு பெர்சா வாங்கிகினு போவாங்க. நீ இன்னா நைனா, உல்டாவா வர?"

ஆறு அங்குல ஜோடியை இந்த முறை மூலையில் வைக்கவில்லை. சுவரிலிருந்து ஒரு கை தள்ளி, இரண்டு ஸ்டூல்களின் மேல், அடியில் சைக்கிள் டியூப் துண்டுகளை வைத்து நிறுத்தினேன். பாடகி முக்காலியோடு வந்து உட்கார்ந்தாள். ஆனால் அது எனக்குப் போதுமா என்பதல்ல இப்போது கேள்வி.

மறுநாள் காலை, ஷிப்ட் முடிந்து சாப்பிட்டுப் படுத்த மாமாவிடம் அனுமதி கேட்டு அவர் அறைச் சுவரோரம் நின்றேன். எங்கள் வீட்டில் தங்கை, மேளப் பாட்டையே போட வேண்டும் என்று ஏற்பாடு.

"போட்டாச்சால?" என்றார் மாமா, கண்ணை மூடியபடி.

"ஓடுது மாமா."

"ஒண்ணும் கேக்கலியே."

சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். வெகுதூரத்தில் யாரோ தனக்குத்தானே முணுமுணுப்பது போல ஒரு குரல் வந்தது. தட்டல் இல்லை. "இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டச் சொல்லட்டுமா மாமா?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால் மாமாவின் வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எங்கள் வீட்டிலிருந்து தங்கை உரக்கக் கத்தினாள்.

"அண்ணா, கேக்குதா?"

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை உதட்டில் விரலை வைத்து என்னை முறைத்தார். தங்கை இரண்டாவது முறை கேட்பதற்குள் அவள் வாயைப் பொத்த வேண்டுமே என்று நுனிக்காலில் ஓடினேன்.