இரண்டு வீல் போல்ட்டும் ஒரு திங்கட்கிழமையும்

"டக்" என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு "டக்"... கையெல்லாம் துரு வாசனை.

2005 கோடை. மரக்காணத்தில் உப்பு வாரும் நேரம். எங்கள் பழைய காரின் பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றலாம் என்று வீல் ஸ்பேனரில் ஏறி மிதித்தேன். உப்புக்காற்று தின்ற போல்ட்டுகள்... நட்டு கழலவில்லை, போல்ட்டே முறிந்தது. நான்கில் இரண்டு காலி.

கணவர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா போயிருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் நாத்தனார் கலா விழுப்புரத்தில் இருக்க வேண்டும். டீச்சர் வேலைக்குச் சர்டிபிகேட் சரிபார்ப்பு. நேரில் போகாவிட்டால் வேலை கிடையாது. அவளோ உப்பள வரப்பில் வழுக்கி விழுந்து, முட்டிக்கு மேல்வரை மாவுக்கட்டோடு இருந்தாள். பஸ் ஏற முடியாது. முகூர்த்த நாள் என்பதால் வாடகைக் காரும் இல்லை. மெக்கானிக் செவ்வாய்க்கிழமைதான் வருவேன் என்றுவிட்டார்.

கணவரின் அண்ணன் சுலபமாகச் சொன்னார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். தம்பி வர்ற வரைக்கும் வண்டிய தொடாத."

கலா அழவில்லை. என்னைப் பார்த்தாள். "அண்ணி, உன்னால முடியுமா?"

முன்பு ஒருமுறை கணவர் போல்ட் மாற்றியபோது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் என் படிப்பு.

"முடியும்" என்றேன்.

சனிக்கிழமை, முறிந்த துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் திண்டிவனம் போய், அதே அளவில் இரண்டு வாங்கி வந்தேன். ஞாயிறு காலை மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டு, அச்சுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்தேன். சக்கரத்தைக் கழற்றினேன். அதன் பின்னால் துருப்பிடித்திருந்த பிரேக் டிரம்மைச் சுற்றிலும் தட்டித் தட்டிக் கழற்றவே ஒரு மணி நேரம். முறிந்த போல்ட்டுகளைச் சுத்தியலால் உள்பக்கம் அடித்துத் தள்ளினேன். புதியதைப் பின்னாலிருந்து சொருகி, முன்னால் வாஷர்களை அடுக்கி, நட்டைப் போட்டு முறுக்கினேன். அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுபட்டு உட்கார வேண்டும். சக்கரம் மாட்டும் பாகம் கூடவே சுற்றாமலிருக்க, கலா கட்டுப்போட்ட காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, கடப்பாரையைக் குறுக்கே கொடுத்துப் பிடித்தாள்.

"விட்டுடாதடி!"

"நான் விடல... நீ முறுக்கு!"

கணவரின் அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். "வழியில சக்கரம் கழண்டு ஓடப் போவுது."

நான் வாயைத் திறப்பதற்குள் கலா சொன்னாள். "ஓடுனா ஓடட்டும்ண்ணே. நான் நொண்டிக்கினே போய்ச் சேர்றேன்."

திங்கட்கிழமை பின்சீட் முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு அவள். திண்டிவனத்தில் நிறுத்தி எல்லா நட்டையும் இன்னொரு தரம் முறுக்கினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்பதே காலுக்கு விழுப்புரம்!

கலா இன்று வானூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ்.

இப்போதெல்லாம் வண்டி நின்றால் ஒரு போன் போதும், ஆள் வந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். முட்டி வலியோடு யார் குனிவது... ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் இரண்டு பேரும் கத்திக்கொண்டே முறுக்கிய அந்தத் தெம்பு எங்கே போனது என்று சில நேரம் தோன்றும்.

போன வாரம் அப்படிக் கூப்பிட்டபோது எதிர்முனையில் இருந்த பையன் கேட்டான். "மேடம், பக்கத்துல சார் இருந்தா குடுங்களேன்... என்ன பிராப்ளம்னு கேட்டுக்கறேன்."

"என்கிட்டயே கேளுப்பா" என்றேன். "வண்டிய ஓட்டுனது நான். சாருக்குத் தெரியாது."