தொட்டிலைத் தாண்டிப் போனவர்

என் வீட்டுக்காரரைப் புத்தர் பிடித்துக்கொண்டது போன மழைக்காலத்தில். கஞ்சிக்கோட்டில் அவரோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர், மதியம் டீ குடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை இவர் மடியில்தான் அவர் தலை இருந்தது. மீனாட்சிபுரத்துக்குத் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து போனில் யாரோ புத்தர் கதை சொல்வதைக் கேட்பதே வேலையாகிவிட்டது.

கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்த இளவரசன் அரண்மனையை விட்டுக் கிளம்பிய கதை. கேட்கக் கேட்க இவருக்கு ராத்திரிச் சாப்பாடு நின்றது. எந்நேரமும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடை. "எனக்கு இருப்புக் கொள்ளல புள்ள. எங்கியாச்சும் போயிரலாமுன்னு இருக்குது" என்றார். எங்கள் மகள் அப்போது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

வாயனசாலை என்கிற எங்கள் ஊர் நூலகத்தின் தமிழ் அலமாரியிலிருந்து புத்தர் வரலாறு ஒன்றை எடுத்து வந்தேன், சண்டைக்குத்தான். படிக்கப் படிக்க அந்த மனிதர் மேலிருந்த கோபம் குறைந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது. தான் பட்டதைத்தான் அவர் போதித்திருக்கிறார். அரண்மனையில் அனுபவித்துச் சலித்தார். காட்டில் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமானார். ஒரு பெண் கொடுத்த பால்சோற்றைச் சாப்பிட்டுத் தெம்பு வந்த பிறகுதான் இரண்டும் வேண்டாம், நடுவழி போதும் என்று தெளிந்தார். சொல்லாமல் வீட்டை விட்டவர், பின்னால் தன் மகனையே துறவிகள் சங்கத்தில் சேர்த்தபோது தன் தகப்பன் கலங்கியதைப் பார்த்து, பெற்றவர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் சேர்க்கக் கூடாதென்று விதி போட்டார். இதையெல்லாம் இவரிடம் சொன்னேன். பால்சோறும் ஆக்கி வைத்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்து போனார்.

ஓர் இடத்தை மட்டும் சொல்லவில்லை. கிளம்பும்முன் இளவரசர் அறை வாசலில் நிற்கிறார். பிறந்த பிள்ளையின் தலைமேல் கை வைத்து மனைவி தூங்குகிறாள். தூக்கிக் கொஞ்ச ஆசை. தூக்கினால் அவள் விழித்துக்கொள்வாள், போக முடியாது. தூக்காமலே போய்விடுகிறார். அதைச் சொன்னால் நானே வழி காட்டியது போலாகிவிடுமோ என்று பயந்தேன்.

எங்கள் பசு ஒரு சண்டி. என் கையைத் தவிர வேறு கையைச் சேர்க்காது. கன்றை ஊட்டவிட்டுக் கறக்க உட்கார்ந்தால் முடியும்வரை எழக் கூடாது. பாதியில் எழுந்தால் பாலை அடக்கிக்கொள்ளும். அப்புறம் பால் சொசைட்டிக்குக் காலிக் கேனோடு போக வேண்டியதுதான். இது அவருக்கும் தெரியும். ஒரு நாள் விடிகாலையில் நான் பாதி கறந்துகொண்டிருந்தபோது உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பையின் ஜிப். முதல் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

என் கை கட்டுண்டு கிடக்கும் நேரமாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார் மனிதர். எழுந்து ஓட உடம்பு துடித்தது. ஓடிப் பிடித்து நிறுத்தினால் எத்தனை நாளைக்கு நிற்பார்? பல்லைக் கடித்துக்கொண்டு கறந்தேன். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. அப்போது தொட்டிலில் குழந்தை அழுதது. வழக்கமாக "ஏனுங்க, பாருங்க" என்று குரல் கொடுப்பேன். அன்று வாயைத் திறக்கவில்லை. வீறிட்டுக் கொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்தியது.

கறந்து முடித்து உள்ளே போனேன். ஒரு தோளில் பை, இன்னொரு தோளில் மகள். அவர் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"அழுதா. எடுத்துப்போட்டேன்" என்றார்.

சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். "புத்தரு புள்ளையத் தூக்கலீங்க. அதனாலதான் அவரால போக முடிஞ்சுது."

அவர் பையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துப் போனது இரண்டு பேருக்கும் கேட்டது.

அந்தப் பை இன்னும் ஆணியில் தொங்குகிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. கறக்கும்போதெல்லாம் என் காது வீட்டுக்குள்தான் இருக்கிறது. பிள்ளை அழ வேண்டுமே என்று தினமும் வேண்டிக்கொள்கிற தாய் இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன்.